உப்பில்லாத ஒன்பது நாள்

“செவ்வாய். சாயந்திரம் 5.40. அத்தை. ஊறுகாய் ஜாடி. மூன்று விரல். பிறகு உள்ளங்கையை நக்கினாள்.”

கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்றின் இரண்டாம் பக்கத்தில் இந்த வரி இருக்கிறது. எழுத்து என்னுடையது. முதலில் பென்சிலால் எழுதி, அழிந்துவிடுமோ என்று பயந்து அதன் மேலேயே பேனாவாலும் எழுதியிருக்கிறேன். கிழமை உண்டு, மணி உண்டு, ஆண்டு மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. பதினோரு வயதில் நடப்பு ஆண்டு என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அதை யாரும் எழுதி வைப்பதில்லை. அட்டையில் என் பெயருக்குக் கீழே ஆறாம் வகுப்பு என்று இருப்பதாலும், உள்ளே ஓரிடத்தில் “லீவு முடிய இன்னும் நிறைய நாள் இருக்கிறது” என்று இருப்பதாலும், ஏழாம் வகுப்புக்குப் போகும் முன் வந்த கோடை விடுமுறை அது என்று முடிவு செய்திருக்கிறேன். பின்னால் கிடைத்த ஆஸ்பத்திரித் தாளும் இதோடு ஒத்துப்போகிறது.

அந்த விடுமுறையில் எதையாவது குறித்து வைக்கும் பழக்கம் எனக்குத் தொற்றியிருந்தது. கரண்ட் போன நேரம், வந்த நேரம், தெருமுனையில் தண்ணீர் லாரி நின்ற நேரம், எதிர்வீட்டுத் தறிச் சத்தம் ஓய்ந்த நேரம். நான்கு நாளில் சலித்துவிட்டது. கரண்ட் எங்கள் தெருவில் தினமும்தான் போகும். வேறு ஏதாவது கிடைக்காதா என்று சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் அத்தை உப்புத் தின்பதைப் பார்த்தேன்.

அத்தை, அப்பாவின் தங்கை. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் தறி இருந்தது. கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்பதால், ஒருவர் தறியில் உட்கார, இன்னொருவர் ஓரத்தில் உட்கார்ந்து கரைக்குரிய நூலைக் கொண்டுபோகும் நாடாவைத் தள்ளித்தர வேண்டும். அப்பா தறியில், அத்தை ஓரத்தில். பதினைந்து வயதிலிருந்து அவள் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா மிதிபலகையை மிதிக்கும் முன்பே அவள் கை நாடாவோடு தயாராக இருக்கும் என்று அம்மாவே சொல்வாள். அம்மா யாரையும் லேசில் புகழமாட்டாள்.

அந்தத் தை மாதத்திலிருந்து அத்தையின் கை பின்தங்கத் தொடங்கியது. அப்பா மிதித்துவிட்டுக் காத்திருப்பார். நாடா வராது.

“பாப்பா, தூங்கிட்டியா?” என்பார்.

“இல்லண்ணா. கை வர மாட்டேங்குது.”

“கை எங்க போச்சு?”

“தோளோடதான் இருக்குது. தூக்கத்தான் முடியல.”

மதியத்துக்கு மேல் சுவரோரம் பாயைப் போட்டுப் படுத்துவிடுவாள். சோறு வேண்டாம் என்பாள். தின்றாலும் சில நாள் வாந்தி. எழுந்தால் தலை சுற்றுகிறது என்று தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்புறம் அவள் கை கறுக்க ஆரம்பித்தது. முழுக் கையும் அல்ல. விரல் கணுக்களும், முழங்கையும், உள்ளங்கையில் ஓடும் ரேகைகளும். மையால் கோடு இழுத்ததுபோல் ரேகைகள் தனித்துத் தெரிந்தன.

இதற்கு எங்கள் வீட்டில் உடனே காரணம் கிடைத்துவிட்டது. அந்த முறை தறியில் ஏற்ற வந்த பாவு, அதாவது நீளவாட்டு நூல், அரக்கு நிறம். சாயம் சரியாக நிற்கவில்லை, கையில் ஏறிவிட்டது என்றார் அப்பா. எங்கள் தெருவில் உள்ளங்கையில் நிறம் இருப்பவரைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். என்ன சேலை ஓடுகிறது என்றுதான் கேட்பார்கள். அம்மா தினமும் எலுமிச்சம்பழத் தோலால் அத்தையின் கையைத் தேய்த்தாள். பாவு முடிந்து பச்சைப் பாவு ஏறியது. கை பச்சையாகவில்லை, இன்னும் கொஞ்சம் கறுத்தது. அப்போதும் சாயம் என்றே சொல்லிக்கொண்டோம். பழைய சாயம் என்றோம்.

ஐயம்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, காபி குடித்துவிட்டு, அத்தையையும் கையிலிருந்த போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“போட்டோவுல செவப்பா ஒரு பொண்ணு இருந்துச்சே,” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

“அது பவுடர் போட்டுக்கினு எடுத்ததுங்க,” என்றாள் அத்தை. “நிறைய போட்டுட்டேன்.”

அவர்கள் போன பிறகு அம்மா திட்டினாள். அத்தை சிரித்துக்கொண்டே போய்ப் படுத்துக்கொண்டாள். அது வெறும் வாய்த்துடுக்கு என்றுதான் நான் நினைத்தேன்.

டவுனில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை என்று மாத்திரை கொடுத்தார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த மாத்திரை தொடங்கிய பிறகு அத்தைக்கு வாந்தி கூடியது, நடை தளர்ந்தது. பழுதானது ஒரு சுரப்பி மட்டும் இல்லை என்பதும், இரண்டில் ஒன்றை மட்டும் முதலில் எழுப்பிவிட்டால் மற்றதன் மேல் பாரம் ஏறும் என்பதும் எங்களுக்குப் பின்னால் தெரிந்தது. அந்த டாக்டரை நான் குறை சொல்லமாட்டேன். லட்சத்தில் ஒருவருக்கு வரும் விஷயம் காலை நேரக் கூட்டத்தில் யாருக்கும் சட்டென்று தோன்றாது.

இதற்கிடையில்தான் உப்பு. அத்தை கல் உப்பைக் கற்கண்டு போல் வாயில் போட்டு அடக்கிக்கொள்வாள். ஊறுகாய் ஜாடியில் மாங்காயை விட்டுவிட்டு அடியில் நிற்கும் நீரை மட்டும் விரலால் வழித்துக் குடிப்பாள். ஊடைநூல் சுற்றிய தார்களைப் போட்டுவைக்கும் டப்பாவின் அடியில் ஒரு காகிதப் பொட்டலம் வைத்திருந்தாள். அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. எல்லாம் யாருக்கும் தெரியாமல்தான். கல்யாணத்துக்கு நிற்கும் பெண் உப்புத் திருடித் தின்கிறாள் என்றால் நான்கு வீட்டில் நாற்பது பேச்சு வரும். ஏற்கெனவே நிறம் வேறு.

நான் யாரிடமும் சொல்லவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டேன். கரண்ட் போவதைவிட இது எவ்வளவோ மேல். எப்போது வரும் என்று தெரியாது. ஒளிந்திருந்து பிடிக்க வேண்டும்.

சித்ரா பௌர்ணமி நெருங்கியது. எங்கள் ஊரில் சித்திரகுப்தருக்குத் தனிக் கோயில் உண்டு. மனிதர் செய்யும் பாவ புண்ணியத்தை எழுதி வைப்பவர் என்பதால், அன்று வீட்டில் மாக்கோலத்தில் அவர் உருவம் போட்டு, பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக் கும்பிடுவோம். பெண்கள் அன்று உப்பும் பசும்பாலும் சேர்க்காமல் ஒருவேளை சாப்பிட்டு விரதம் இருப்பார்கள். ஒரு நாள் விரதம்தான். ஆனால் ஐயம்பேட்டை வரன் தட்டிப்போன மறுநாள் அம்மா ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போய்வந்தாள். கேது சரியில்லை என்றார்களாம். கேதுவுக்கு அதிதேவதை சித்திரகுப்தர். அம்மா கோயிலிலேயே நேர்ந்துகொண்டு வந்துவிட்டாள்: பௌர்ணமி வரைக்கும் ஒன்பது நாள் அத்தை உப்பில்லாமல் இருப்பாள்.

“ஒன்பது நாளா?” என்றாள் அத்தை. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். நோட்டில்கூட அது இருக்கிறது: “அத்தை பயந்தாள்.”

“ஒன்பது மாசமா சொன்னேன்? உடம்பு தேறணும்னா கொஞ்சம் வாயக் கட்டணும்மா.”

“அண்ணி, ஒரு நாள் இருந்துக்கறேனே.”

“நேர்ந்தாச்சு,” என்றாள் அம்மா.

பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, அத்தையைக் கவனித்துக்கொள்ளச் சொன்னாள். “நீதான் எந்நேரமும் அவ பின்னாலயே சுத்திக்கினு இருக்கறியே. உப்புத் தொட்டான்னா எங்கிட்ட வந்து சொல்லு.” அம்மாவுக்கு முன்பே எல்லாம் தெரிந்திருந்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ரகசியமாகச் செய்துவந்த வேலைக்கு வீட்டிலேயே உத்தியோகம் கிடைத்தது என்ற பெருமைதான் எனக்கு.

உத்தியோகத்தை நான் நன்றாகவே பார்த்தேன். முதல் நாள் ஊறுகாய் ஜாடி, போய்ச் சொன்னேன். ஜாடி மர அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. இரண்டாம் நாள் தார் டப்பாவிலிருந்த பொட்டலத்தை நானே எடுத்துக்கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். மூன்றாம் நாளுக்குப் பிறகு நோட்டில் வரிகள் குறைகின்றன. “உப்பு இல்லை.” “உப்பு இல்லை. படுத்திருந்தாள்.” “உப்பு இல்லை. அப்பா இன்று தறியில் ஏறவில்லை.” அம்மா தினமும் மதியம் அத்தைக்கென்று உப்பில்லாப் பொங்கல் வைத்து, தட்டில் கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைப்பாள். “மேலோட்டமா கொறிக்காத. முழுசாத் தின்னு,” என்பாள். காவல் என்றால் இதுதான் காவல் என்று நினைத்தேன்.

எட்டாம் நாள் பிற்பகல் அத்தை என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். உதடு வெடித்திருந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“கண்ணு. ஒரே ஒரு கல்லு எடுத்தாடி.”

“அம்மா பூட்டி வச்சிருக்குது.”

“பக்கத்து வீட்டுல கேளு. அம்மா கேட்டாங்கன்னு சொல்லு.”

“மாட்டேன். சித்திரகுப்தர் எழுதிடுவாரு.”

அத்தை சிரித்தாள். சிரிக்கவே அவளுக்குச் சிரமமாக இருந்தது.

“அவர் எழுதட்டும்டி. நீ எழுதாம இருந்தாப் போதும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோட்டு அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கோபமும் வெட்கமும் சேர்ந்துகொள்ள, நான் எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டேன். அங்கே உட்கார்ந்து எழுதிய வரி இது: “கேட்டாள். தரவில்லை.”

மறுநாள் பௌர்ணமி. காலையிலேயே கோயில் வாசலில் வரிசை வளைந்து நின்றது. வெயில் ஏறுவதற்கு முன் போய்விடலாம் என்று புறப்பட்டும், நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஏறிவிட்டது. அத்தை என் தோளில் ஒரு கையும் அம்மாவின் தோளில் ஒரு கையும் போட்டுக்கொண்டு நின்றாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. சித்திரை வெயிலில் ஒருவர் கை அப்படி ஜில்லென்று இருக்கலாமா என்று நினைத்தேன். அதற்குள் அந்தக் கை நழுவியது.

விழுந்தவளின் கண் மேலே செருகியிருந்தது. வாய் ஏதோ முனகியது. வரிசையில் நின்ற ஒரு பெண்மணி, “சாமி வந்துருக்குது, தள்ளுங்க,” என்றாள். யாரோ விபூதியை அள்ளி நெற்றியில் பூசினார்கள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். “யாரும்மா வந்துருக்கறது? வாயத் தொறந்து சொல்லும்மா,” என்று ஒரு குரல் பணிவாகக் கேட்டது. இன்னும் இரண்டு பேர் கைகூப்பிக்கொண்டு நெருங்கினார்கள். அம்மாகூட ஒரு நொடி கைகூப்பினாள் என்றுதான் எனக்கு ஞாபகம். அம்மா இதை மறுக்கிறாள்.

அப்பாதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். “சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல. வழிய வுடுங்க,” என்றார். கோயில் வாசலில் அப்பா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவை நோக்கி ஓடினார். பின்னால் நானும் அம்மாவும்.

ஆஸ்பத்திரியில் அன்று இருந்தது ஒரு பெண் டாக்டர். படிப்பை முடித்துச் சில மாதங்கள்கூட ஆகியிருக்காது. ரப்பர் செருப்புப் போட்டிருந்தாள். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இரண்டு முறை சுற்றிப் பார்த்தாள். மூன்றாம் முறை மற்றக் கையில் சுற்றினாள். நர்ஸிடம் ஏதோ சொல்ல, சலைன் ஏறத் தொடங்கியது. பிறகு அத்தையின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“எத்தனை நாளா இந்தக் கறுப்பு?”

“அது சாயம் டாக்டரம்மா,” என்றாள் அம்மா. “நாங்க தறிக்காரங்க. அரக்குப் பாவு.”

டாக்டர் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ரேகைகளை அழுத்தித் தேய்த்தாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. டார்ச்சை எடுத்து அத்தையின் வாயைத் திறந்து பார்த்தாள். ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் நாவல்பழம் தின்றதுபோல் திட்டுத்திட்டாக நீலக்கறுப்பு.

“வாய்க்குள்ளயும் பாவு போடுவீங்களா?” என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

“உப்பு நிறைய கேப்பாங்களா?”

“இல்லம்மா. ஒன்பது நாளா ஒரு கல்லு உப்பு தொடல. விரதம்.” அம்மாவின் குரலில் அந்த நேரத்திலும் ஒரு பெருமை இருந்தது.

டாக்டர் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். “ஒன்பது நாளாவா? சரி, அதுக்கு முன்னாடி?”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். “எல்லாரையும் மாதிரிதான்,” என்றாள் அம்மா.

நோட்டு என் பாவாடை இடுப்பில் செருகியிருந்தது. அதை எடுத்து நீட்டினேன். உதவ வேண்டும் என்று கொடுத்ததாக வீட்டில் பிற்பாடு ஒரு கதை கட்டிவிட்டார்கள். உறவினர் வரும்போதெல்லாம் அதைச் சொல்வார்கள். அது சரியல்ல. கடைசி வரி, கேட்டாள், தரவில்லை என்பது. அத்தை கட்டிலில் கிடந்தாள். அந்த வரியை யாரிடமாவது காட்டியாக வேண்டும் போல் இருந்தது. அம்மாவிடம் காட்டினால் சரியாகத்தான் செய்தாய் என்பாள்.

டாக்டர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு லேசாகச் சிரித்தாள். இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விரலால் வரிகளைத் தொட்டுத் தொட்டு, கடைசி வரை படித்தாள்.

“யார் எழுதுனது?”

“நான்தான்.”

“எல்லாம் எழுதியிருக்க. தேதி ஏன் போடல?”

“கிழமை போட்டிருக்கேன்.”

“கிழமை வாரா வாரம் வரும்மா,” என்றாள். அன்றிலிருந்து ஆண்டு போடாமல் நான் எதையும் குறித்ததில்லை.

அவள் வராந்தாவுக்குப் போய் யாருக்கோ போன் செய்தாள். பெரிய டாக்டராக இருக்க வேண்டும். இங்கிலீஷில் வேகமாகப் பேசினாள். திரும்பி வந்து ரத்தம் எடுத்தாள். முடிவு வர நாளாகும், அதுவரை காத்திருக்க முடியாது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு ஒரு ஊசி போட்டாள். பிற்பகல் முழுவதும் சலைன் பாட்டில்கள் மாறிக்கொண்டே இருந்தன. உப்புத் தண்ணீரைத்தான் ஏற்றுகிறார்கள் என்று நர்ஸ் சொல்ல, அம்மா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரதம் முடிய இன்னும் சாயங்காலம் வரைக்கும் இருந்தது. அம்மா அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை அத்தை எழுந்து உட்கார்ந்திருந்தாள். “அண்ணி, பசிக்குது,” என்றாள். தை மாதத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்கவில்லை. நான்கு இட்லி தின்றாள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் அப்பாவை உட்கார வைத்து விளக்கினாள். சிறுநீரகத்தின் மேல் தொப்பி வைத்தாற்போல் இரண்டு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. உடம்பில் உப்பைப் பிடித்து வைப்பது அவற்றின் வேலைகளில் ஒன்று. அவை வேலை செய்யாவிட்டால் உப்பு ஓடிக்கொண்டே இருக்கும், உடம்பு அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும் என்றாள்.

“உங்க தங்கச்சி திருடித் தின்னாங்களே, அதுலதான் இவ்வளவு நாள் உயிரோட இருந்திருக்காங்க.”

“அந்தச் சுரப்பி ஏன் கெட்டுப்போச்சு?” என்றார் அப்பா.

“நோய்க்கிருமியை எதிர்க்க உடம்புல ஒரு படை இருக்கு. அது ஆள் தெரியாம சொந்தச் சுரப்பியையே அடிச்சிருக்கு. கழுத்துச் சுரப்பியையும் அதேதான் அடிச்சிருக்கும்னு நினைக்கிறேன். சென்னையில பாத்து உறுதிப்படுத்திடலாம்.”

அப்பா கேட்டார்: “அந்தப் படையச் சமாதானம் பண்ண முடியாதா?”

“முடியாது. ஆனா அது அழிச்சதை நாம மாத்திரையா வெளியிலேர்ந்து கொடுத்துடலாம். தினமும். ஆயுசுக்கும்.”

ஆயுசுக்கும் என்றதும் நான் அழுதேன். அது தண்டனை என்று நினைத்தேன். அத்தையோ, “ஆயுசு இருக்குதுன்னு சொல்றாங்கடி, அதுக்குப் போய் அழுவறியே,” என்றாள்.

சென்னைப் பரிசோதனை அந்த டாக்டர் சொன்னதையே சொன்னது. அடிசன் நோய், கூடவே தைராய்டு. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இது நடந்து இருபது ஆண்டுக்குக் குறையாமல் ஆகிறது. நடுவில் ஒருமுறை அந்தப் படை கணையத்தையும் தொட்டது. இப்போது இன்சுலினும் உண்டு. அத்தையின் நாள் மாத்திரையில் தொடங்கி மாத்திரையில் முடிகிறது. காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும், வாந்தி வந்தால் ஊசி போட்டுக்கொண்டு ஓட வேண்டும். கைப்பையில் ஒரு அட்டை வைத்திருக்கிறாள்: “நான் மயங்கிக் கிடந்தால்” என்று தொடங்கி, எந்த ஊசி, எவ்வளவு என்று தமிழிலும் இங்கிலீஷிலும் இருக்கும். கீழே என் எழுத்தில் தேதி. இரண்டு முறை அந்த அட்டை அவளைக் காப்பாற்றியிருக்கிறது. சில நாள் மதியத்தில் இன்னமும் பாயைப் போட்டுப் படுத்துவிடுவாள். அதைப் பற்றி அதிகம் பேசமாட்டாள்.

கை ரேகை பழையபடி வெளுத்தது. முப்பது வயதில் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை பெண் பார்க்க வந்த அன்றே மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். இன்று தறியில் உட்காருவது அத்தை, ஓரத்தில் நாடா தள்ளுவது மாமா. அவர் பின்தங்கினால், “கை எங்க போச்சு?” என்று கேட்பது அவள்.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னைக்குப் பரிசோதனைக்குப் போனபோது நான் துணைக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் பழைய கதையைக் கேட்டுவிட்டு, “ஒன்பது நாள் சுத்தமா உப்பில்லாமலா? தைராய்டு மாத்திரையோடயா? நாலாம் நாளே விழுந்திருக்கணுமே,” என்றார். அது தன் ஊகம்தான், ஆளுக்கு ஆள் மாறும் என்றும் சொன்னார். நான் குறித்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் அத்தை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “உங்கம்மா வச்ச பொங்கல்ல உப்பு இருந்துச்சுடி.”

“எப்போ?”

“நாலாம் நாள்லேர்ந்து. மேல இருக்காது. அடியில, ஒரு கரண்டி ஆழத்துல. அதான் முழுசாத் தின்னு, முழுசாத் தின்னுன்னு சொல்வாங்க.”

“அப்போ ஏன் எங்கிட்ட உப்பு கேட்ட?”

“அது பத்தலடி. கொஞ்சூண்டுதான் இருக்கும்.”

“அம்மாகிட்ட நீ கேக்கவே இல்லையா?”

“கேட்டா நின்னுபோயிடுமே,” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கேட்டேன். அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தாள். “சாமிக்கு நேர்ந்துக்கினு யாராவது உப்பு போடுவாங்களா?” என்றாள். “அவ நாக்கு அப்போ கெட்டுக் கெடந்துச்சு. பச்சத் தண்ணிகூட உப்பாத் தெரிஞ்சிருக்கும்.” இன்னொரு முறை கேட்டபோது எழுந்து உள்ளே போய்விட்டாள். விரதம் பலித்ததால்தான் அன்றைக்கு அந்தப் பெண் டாக்டர் அங்கே இருந்தாள் என்பது அம்மாவின் கட்சி. இன்றுவரை ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அந்த நன்றிக்காகப் போய்வருகிறாள். உப்புப் போட்டதாக ஒப்புக்கொண்டால் விரதமே இல்லை என்றாகிவிடும். போடவில்லை என்றால், ஒன்பதாம் நாள் காலையில் அத்தை கோயில் வரைக்கும் எப்படி நடந்து வந்தாள் என்று தெரியவில்லை.

பதினோரு வயதில் நான் பார்த்தது, நேர்ந்துகொண்டதை விடாத ஒருத்தியையும் அதற்கு அகப்பட்டுக்கொண்ட ஒருத்தியையும்தான். ஒன்பது நாளும் என் கண் அத்தை மேலேயே இருந்தது. அடுப்படியில் நின்ற அம்மாவுக்கும் பயம் வந்திருக்கும், சாமிக்கும் நாத்தனாருக்கும் நடுவில் அவள் தனியே ஏதாவது முடிவு செய்திருப்பாள் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. பொங்கலில் உப்பு இருந்தது என்கிறாள் அத்தை. இல்லை என்கிறாள் அம்மா. இருவரும் பொய் சொல்கிறவர்கள் அல்ல. வேறு சாட்சி கிடையாது. ஆகவே இது இன்னும் உறுதிப்படாத செய்தி என்றே இங்கே குறிக்கிறேன்.